ட்ரக்டர் பெட்டியில் மூடையை எங்கே அடுக்குவது?

சின்ன ட்ரக்டரில் இரண்டு சில்லுப் பெட்டி இழுப்பவர்கள், பத்து மூடை ஏற்றினால் ஆறு ஏழு மூடையைப் பெட்டியின் அச்சுக்கு முன்னால் அடுக்குங்கள். மிச்சத்தைப் பின்னால் போடுங்கள். மட்டக்களப்புப் படுவான்கரை வயலில் இருந்து கிறவல் ரோட்டுக்கு ஏறும் இடத்தில் சில்லு சுற்றி நிற்பது குறையும்.

காரணம் இதுதான். முன்னால் கூடும் பாரத்தில் ஒரு பங்கு, பெட்டியை மாட்டும் கொளுக்கி வழியாக ட்ரக்டரின் பின் சில்லில் இறங்கி, மண்ணை இறுக்கிப் பிடிக்க வைக்கிறது. மொத்தப் பாரத்தில் 10 முதல் 15 சதவீதம் கொளுக்கியில் இருந்தால் போதும். 1000 கிலோவுக்கு 100 முதல் 150 கிலோ. பின்பக்கம் பாரம் கூடினால் பெட்டி கொளுக்கியை மேலே தூக்கும், சில்லு பிடிமானம் இழக்கும். டீசலும் வீணாகும்.

அதற்காக முழுவதையும் முன்னுக்குத் தள்ளிவிடாதீர்கள். ட்ரக்டரின் முன் சில்லு லேசாகி, வளைவில் ஸ்டியரிங் கேட்காது. வரம்பில் ஏறும்போது முன்பக்கம் கிளம்பினால் பாரத்தைக் குறைப்பதே வழி. கொளுக்கியை எப்போதும் கீழே உள்ள இழுவைக் கம்பியிலேயே போடுங்கள். பின் அச்சுக்கு மேலே சங்கிலி கட்டி இழுத்தால் ட்ரக்டர் பின்பக்கமாகக் கவிழலாம். அவசரத்தில் பலர் செய்யும் வேலை அது.

நான்கு சில்லுப் பெட்டிக்கு இந்தக் கணக்குச் சரிவராது, அதன் முன் அச்சே பாரத்தைத் தாங்கிவிடும். மழைக்குப் பிறகு சில்லு புதையும் சேற்றிலும் பயனில்லை. அங்கே பாதிப் பாரமாக இரண்டு தரம் ஓடுங்கள்.