எஞ்சினை முறுக்கிப் பார்க்கும் முன்

உப்புவெளியில் என் கராஜுக்கு வரும் தம்பிமார், "அண்ணை, மோட்டார் சைக்கிளின் அக்சிலேட்டரை முழுக்க முறுக்கினால் எஞ்சின் கெட்டுவிடுமா?" என்று கேட்காத வாரம் இல்லை. சூடேறிய, ஒயில் சரியாக உள்ள எஞ்சினைச் சில விநாடிகள் சுற்றுமானியின் சிவப்புக் கோட்டின் (எஞ்சினுக்கு அனுமதித்த உச்சச் சுற்று) அருகே கொண்டுபோவதால் கெட்டுவிடாது. கெடுப்பது நேரம் தவறிய முறுக்கல்தான்.

சென்ற மாதம் ஒரு 150 சிசி வண்டியின் எஞ்சினைப் பிரித்தேன். பிஸ்டனின் பக்கவாட்டில் மேலிருந்து கீழாகக் கோடுகள். வருடினால் நகம் மாட்டியது. காலையில் ஸ்டார்ட் செய்த கையோடு, நின்ற இடத்திலேயே முறுக்குவது அந்தத் தம்பியின் பழக்கம். ஆறிய ஒயில் தடிப்பானது, வால்வுகள் வரை போய்ச்சேரச் சற்று நேரமெடுக்கும். அதற்குள் அலுமினியப் பிஸ்டன் சூடாகி, சிலிண்டரை முந்திக்கொண்டு விரிகிறது; இடைவெளி குறைந்து உரசுகிறது. நிமிடத்துக்கு 9000 சுற்றில் பிஸ்டன் விநாடிக்கு 150 தடவை மேலே போய்க் கீழே வருகிறது. சுற்று இரட்டித்தால் அதை இழுக்கும் விசை நான்கு மடங்காகும். அந்த வேகத்தில் ஒயில் படலம் இல்லாவிட்டால் என்ன மிஞ்சும்?

ஆகவே முதலில் வண்டியை நேராக நிறுத்தி ஒயில் பாருங்கள். பக்கத் தாங்கியில் சாய்த்துப் பார்க்கும் அளவை நம்பவேண்டாம். பிறகு நிலாவெளிப் பக்கமாகப் பத்து நிமிடம் நிதானமாக ஓடுங்கள். வெறிச்சோடிய நேரான இடத்தில் இரண்டாம் கியரில் முறுக்கி, சிவப்புக் கோட்டுக்குச் சற்று முன்னரே விட்டுவிடுங்கள். அதிவேகம் போகாமலே எஞ்சினின் பலம் தெரிந்துவிடும். மாடு குறுக்கே வரும் வீதி இது, மறக்கவேண்டாம். அடுத்த முறை முறுக்குமுன் சில நிமிடம் மெதுவாக ஓடினால் காற்று பட்டு எஞ்சின் ஆறும். கச்சான் என்னும் வெப்பக் காற்று வீசும் நாட்களில் நின்றபடி முறுக்குவதை அறவே விடுங்கள். காற்றால் குளிரும் எஞ்சினுக்கு ஓட்டம்தான் விசிறி.

நான் மிகவும் அஞ்சுவது வேறொன்றுக்கு. ஐந்தாம் கியரில் பறக்கும்போது தவறி இரண்டுக்கு இறக்கி கிளட்சை விட்டால், பின்சக்கரமே எஞ்சினைச் சுழற்றும். சுற்று எல்லை மீறாமல் தடுக்கும் சுற்றுக் கட்டுப்படுத்தி தீப்பொறியையோ பெற்றோலையோ நிறுத்தும், சக்கரத்தை நிறுத்தாது. வால்வு மூட நேரமின்றிப் பிஸ்டனில் மோதினால் செலவு உங்கள் மாதச் சம்பளத்தைத் தாண்டும்.

புது எஞ்சினென்றால் கைநூலில் சொன்ன தூரம் ஓடி முடியும்வரை பொறுங்கள். சோதித்த மறுநாள் ஒயிலை மீண்டும் பாருங்கள். அளவு இறங்கி, புகைபோக்கியில் நீலப் புகையும் தெரிந்தால் முறுக்காமல் வண்டியைக் கொண்டுவாருங்கள்.