நகர மறுத்த தட்டு

இரண்டு வழிகாட்டித் தண்டுகளின் மேல் சறுக்கும் ஒரு தட்டு. கணினி வடிவமைப்பு (CAD) மென்பொருளில், பாகங்களை ஒன்றாகப் பொருத்தும் அசெம்ப்ளியில், அதை மவுஸால் பிடித்து இழுத்தால் அசையவே இல்லை. ஒரு பரிமாணத்தை (அளவை) மாற்றியதும், பாகங்களைப் பிணைக்கும் கட்டுப்பாடுகள் எல்லாம் பிழை என்று சிவப்பாகிவிட்டன. அன்று மாலை முழுவதும் அதோடுதான் போனது.

ஒரு பாகத்துக்கு ஆறு விதமான அசைவுகள் உண்டு: மூன்று நகர்வு, மூன்று சுழற்சி. தட்டின் முதல் துளையைத் தண்டோடு ஒரே அச்சில் பொருத்தியபோதே அதில் நான்கு போய்விட்டன. மிச்சம் இரண்டு: தண்டு வழியே சறுக்குவது, தண்டைச் சுற்றிச் சுழல்வது. நான் தடுக்க வேண்டியது அந்தச் சுழற்சியை மட்டும்தான். ஆனால் இரண்டாவது துளைக்கும் அதே அச்சுப் பொருத்தம் கொடுத்திருந்தேன். அளந்து பார்த்தேன்: தண்டுகளுக்கு இடையே 80 மி.மீ., துளைகளுக்கு இடையே 80.02. நிஜத்தில் துளைக்கும் தண்டுக்கும் நடுவே உள்ள சிறு தளர்வு இந்த வித்தியாசத்தை ஏற்றுக்கொள்ளும். மென்பொருளின் கணக்கு ஏற்காது.

இரண்டாவது அச்சுப் பொருத்தத்தை நீக்கிவிட்டு, தட்டின் நடுத்தளமும் அடித்தளச் சட்டத்தின் தளமும் இணையாக இருக்கட்டும் என்று வைத்தேன். தட்டு உடனே சறுக்கியது! அந்த நிம்மதியைச் சொல்லி முடியாது. பிறகு அது சறுக்கும் தூரத்துக்கு 0 முதல் 120 மி.மீ. வரை எல்லை கொடுத்தேன்.

இன்னொன்று: பொருத்துவதற்குப் பாகத்தின் முகங்களைவிட (வெளிப்பரப்புகளைவிட) ஆதாரத் தளங்களே, அதாவது மென்பொருளில் அளவுக்காக வைக்கும் கற்பனைத் தளங்களே, நல்லது. விளிம்பை வளைத்தாலோ வெட்டினாலோ முகம் மாறிவிடும், தளம் அப்படியே இருக்கும்.