முதல் தரகு நிறுவனம்: புதிய ஏஜென்ட்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவில் ரியல் எஸ்டேட் உரிமத் தேர்வில் தேறியவர், ஒரு புரோக்கரின் (தரகு நிறுவனத்தை நடத்த மேல்நிலை உரிமம் பெற்றவர்) கீழ் உரிமத்தைப் பதிந்துகொண்ட பிறகே தொழிலில் இறங்க முடியும் என்பதால், கிடைத்த நிறுவனத்தில் கையெழுத்துப் போட்டுவிடும் அவசரம் பலருக்கும் வந்துவிடுகிறது. அந்த அவசரத்தில் கமிஷனில் தமக்கு எத்தனை சதவீதம் என்பதை மட்டும் பார்ப்பதுதான் முதல் தவறு.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 4,00,000 டாலர் வீட்டில் ஒரு தரப்புக்கான (விற்பவர் அல்லது வாங்குபவர் தரப்பு) கமிஷன் 2.5 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், நிறுவனத்துக்கு வருவது 10,000 டாலர். அதில் 90 சதவீதத்தைத் தரும் நிறுவனம், மாதம் 300 டாலர் மேசைக் கட்டணமும் (நிறுவனத்தில் இடம்பெறுவதற்கான மாதக் கட்டணம்) ஒவ்வொரு விற்பனைக்கும் 500 டாலரும் பிடித்தால், ஆண்டில் இரண்டு விற்பனை முடித்தவரின் கையில் நிற்பது 13,400 டாலர். வேறு கட்டணமின்றி 70 சதவீதம் தரும் நிறுவனத்திலோ 14,000 டாலர். மூன்றாவது விற்பனையோடு கணக்கு தலைகீழாகும் என்பது உண்மையே. ஆனால் அது முதல் ஆண்டிலேயே வருமா என்பதற்கு உத்தரவாதமில்லை, மேசைக் கட்டணமோ மாதந்தவறாமல் வரும். ஏஜென்ட் பெரும்பாலும் ஊழியராகக் கருதப்படாததால், 15.3 சதவீதச் சுயதொழில் வரியையும் அவரே கட்ட வேண்டும்.

'பயிற்சி உண்டு' என்ற வாக்கை அப்படியே நம்புவது அடுத்த தவறு. பதிவுசெய்த வீடியோக்களைக் கொடுப்பதையும் சிலர் பயிற்சி என்றே சொல்கிறார்கள். 2024 ஆகஸ்ட் 17 முதல், எம்.எல்.எஸ். (விற்பனைக்கு வரும் வீடுகளைத் தரகர்கள் பகிர்ந்துகொள்ளும் தரவுத்தளம்) பட்டியல்களைப் பயன்படுத்தும் ஏஜென்ட், வாங்குபவருக்கு வீட்டைச் சுற்றிக்காட்டும் முன்பே எழுத்து ஒப்பந்தம் செய்துகொள்ள வேண்டும்; அதாவது, முதல் வீட்டின் கதவு திறப்பதற்குள் தம் ஊதியத்தை விளக்கிச் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். அந்த ஒப்பந்தத்தை வரிவரியாக உடனிருந்து சொல்லித்தருபவர் யார், சனிக்கிழமை மாலையில் சந்தேகம் எழுந்தால் போனை எடுப்பவர் யார் என்று பெயரைக் கேட்டு வாங்குங்கள். தாமே முழுமூச்சாக விற்பனையில் இருக்கும் புரோக்கருக்கு உங்களுக்கென நேரம் இருக்காது என்பது என் எண்ணம்.

பெரிய பெயர்ப்பலகையை நம்பிச் சேர்வதைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. தொடக்கத்தில் வாடிக்கையாளர்கள் பெரும்பாலும் உங்களுக்கு அறிமுகமானவர்களாகவே இருப்பார்கள்.

விலகும் விதிகளைப் படிக்காமல் கையெழுத்திடுவதுதான் பிற்பாடு அதிகம் வலிக்கும். வீட்டை விற்றுத்தர உரிமையாளர் கையெழுத்திடும் பட்டியல் ஒப்பந்தம் பொதுவாக நிறுவனத்துக்கே உரியது. ஆகவே நீங்கள் தேடிப்பிடித்த வீடும், புரோக்கர் விட்டுக்கொடுத்தாலன்றி, உங்களோடு வராது. பாதியில் நிற்கும் விற்பனைகளுக்கு விலகிய பின் எந்தப் பங்கு, எப்போது தரப்படும் என்பதைச் சேரும் நாளிலேயே எழுத்தில் கேட்டுப் பெறுங்கள்.