முள் அசையவில்லை, மரம் நனைந்ததா? பழத்தோட்டத் தெளிப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

முதுகில் தெளிகருவியைச் சுமந்து மருந்து அடிப்பவருக்கு இலை நனைவது கண்முன்னே தெரியும். காற்றின் வலுவால் மருந்தை மரத்தில் வீசும் விசிறித் தெளிகருவியை உழவு இயந்திரத்தில் பூட்டியதும் வேலை முழுவதும் ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் போய்விடுகிறது. அவருக்கு எதிரே எஞ்சுவது அமுக்கமானியின் முள் மட்டுமே. அதை நம்பி வரிசை வரிசையாக ஓட்டிச் செல்வதுதான் பெரிய தவறு.

அமுக்கத்தைச் சீராக்கும் வால்வு உள்ள கருவியில், மருந்தைப் பீச்சும் முனைகளான 16 நொசில்களில் ஒன்று அடைபட்டாலும் மிஞ்சும் நீர் தாங்கிக்கே திரும்பிவிடுவதால் முள் பெரும்பாலும் அசைவதில்லை. நொசில்கள் தேய்ந்து கூடுதலாக ஊற்றினாலும் அப்படித்தான். வன்னியில் குளத்திலோ வாய்க்காலிலோ நீர் எடுத்து அதை வடிக்காமல் தாங்கியில் ஊற்றுவோருக்கு, வண்டலால் ஏற்படும் அடைப்பு புதிதல்ல.

ஆகவே லீற்றரை எண்ண வேண்டும். வரிசைகளுக்கிடையே 8 மீற்றர் உள்ள மாந்தோப்பில் ஏக்கருக்கு 200 லீற்றர் அடிப்பதானால், 100 மீற்றர் வரிசை ஒன்றுக்கு ஏறத்தாழ 40 லீற்றர் செல்ல வேண்டும். 1,000 லீற்றர் தாங்கி 25 வரிசைகளுக்கு வர வேண்டும். 22ஆவது வரிசையிலேயே தாங்கி வற்றினால் நொசில்கள் தேய்ந்திருக்கலாம், அல்லது ஓட்டம் மெதுவாகியிருக்கலாம். ஆனால் இந்தக் கணக்கும் ஏமாற்றக்கூடியது: ஒன்று அடைபட்டு மற்றவை தேய்ந்திருந்தால் கூட்டுத்தொகை சரியாகவே வரும். அதனால், திரும்பித் திரும்பிப் பார்த்தபடி ஓட்டி மரத்தில் மோதுவதைவிட, பக்கக் கண்ணாடிகளைத் தெளிப்பு தெரியும்படி திருப்பி வைத்து, சில வரிசைகளுக்கு ஒருமுறை வரிசை முடிவில் நின்று ஒவ்வொரு நொசிலின் விசிறலையும் பார்ப்பது நல்லது.

வேகத்தைக் குறைக்க அக்சிலரேற்றரைத் தளர்த்துவது இன்னொரு தவறு. பல கருவிகளின் பம்பியும் விசிறியும், உழவு இயந்திரத்தின் வலுவைக் கருவிக்குக் கொண்டுசெல்லும் இணைப்புத் தண்டு நிமிடத்துக்கு 540 சுற்றுச் சுற்றும்போதே முழு வலுவுடன் இயங்குகின்றன. சுற்றுக் குறைந்தால் காற்று தளர்ந்து உச்சிக் கிளைகள் நனையாமல் போகும். கியரை மாற்றியே வேகத்தைக் குறைக்க வேண்டும். ஓட்டவேகத்தைத் தார் வீதியில் அளப்பதும் பயன் தராது. தாங்கியைப் பாதி நிரப்பி, தோட்டத்து மண்ணிலேயே 100 மீற்றர் ஓடிப் பார்க்க வேண்டும். மணிக்கு 4.5 கிலோமீற்றர் என்றால் அதற்கு 80 வினாடிகள் பிடிக்கும்.

கச்சான் காற்று வீசும் மாதங்களில் விடியற்காலையைத் தவறவிட்டு வெயில் ஏறியபின் தொடங்குவோரின் மருந்து அயல் காணிக்கும், கூண்டில்லாத இயந்திரமானால் ஓட்டுநரின் முகத்துக்குமே போய்ச் சேரும்.

அடைப்பைக் கண்டதும், இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கவே இறங்கிப்போய் நொசிலைக் கழற்றி வாயால் ஊதும் பழக்கம் இன்னும் இருக்கிறது. வாயில் படுவது நஞ்சு. அருகே சுழலும் தண்டு சாரத்தைப் பற்றினால் கையை எடுக்கவும் நேரம் இராது. எஞ்சினை நிறுத்தி, தண்டு நின்றபின், கையுறையுடன் பழைய பற்தூரிகையால் தேய்த்துக் கழுவினால் போதும். மாற்று நொசில்கள் இரண்டை ஆசனத்துப் பெட்டியில் வைத்திருந்தால் அந்த வேலையையும் வீட்டில் வந்து செய்யலாம்.