ஸ்கோர்கார்டு ஏன் சுவரோடு நின்றுவிடுகிறது?

ஊராட்சி அலுவலகத்துக்கு முன்னால் வேப்பமரத்தடியில் பாய் விரித்து இருபது பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். அரசு சுகாதாரச் சேவைக்கு ஊர்மக்களே மதிப்பெண் போடும் ஸ்கோர்கார்டு வேலை அது. சார்ட் தாளில் கட்டம் போட்டு, ஒவ்வொரு சேவைக்கும் ஐந்துக்கு எத்தனை புளியங்கொட்டை வைப்பீர்கள் என்று கேட்டோம். ‘பிரசவத்துக்குப் போனால் மரியாதையாக நடத்துகிறார்களா?’ என்ற கட்டத்தில் தயக்கமே இல்லாமல் ஐந்து கொட்டைகள் விழுந்தன. இரண்டடி தள்ளி, நாற்காலியில் கிராம சுகாதாரச் செவிலியர் உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் சாயங்காலம் அதே பெண்களை அவர்கள் தெருவிலேயே சந்தித்து அதே கேள்வியைக் கேட்டோம். இரண்டு கொட்டைகள்தான் விழுந்தன. ஆண் குழந்தை பிறந்தால் ஒரு தொகை, பெண் குழந்தை என்றால் அதைவிடக் கொஞ்சம் குறைவு என்று வார்டில் கை நீட்டுவதை ஒரு பாட்டி குரலைத் தாழ்த்திச் சொன்னார். முதல் நாள் அட்டையோடு நாங்கள் ஊர் திரும்பியிருந்தால், அந்தப் பணம் எந்தக் காகிதத்திலும் வந்திருக்காது.

மக்கள் மதிப்பெண் அட்டை என்கிற ஸ்கோர்கார்டில் நடக்கும் முதல் தவறு இதுதான்: எல்லோரையும் ஒரே இடத்தில் உட்கார வைப்பது. சேவை தருபவர் முன்னால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். நாளைக்குத் தடுப்பூசிக்கு அவரிடம்தானே போக வேண்டும்? ஊர்ப் பெரியவர்கள் முன்னால் காலனித் தெருப் பெண்கள் வாய் திறக்க மாட்டார்கள். மாமியார் பக்கத்தில் இருந்தால் மருமகள் கருத்தடை பற்றிப் பேச மாட்டாள். ஆண்கள், பெண்கள், இளம் தாய்மார்கள், முதியவர்கள், ஒதுக்கப்பட்ட தெருக்காரர்கள் என்று தனித்தனியாக மதிப்பெண் போடவைக்க வேண்டும். ஒரே சேவைக்கு ஒரு தெரு நான்கும் இன்னொரு தெரு ஒன்றும் போட்டால், இரண்டையும் கூட்டிச் சராசரி எடுத்துவிடாதீர்கள். அந்த வித்தியாசத்தைத் தெரிந்துகொள்ளத்தான் இவ்வளவு பாடும்.

இந்த முறையை 2002இல் ஆப்பிரிக்காவின் மலாவி நாட்டில் கேர் என்ற தொண்டு நிறுவனம் உருவாக்கியது. மக்கள் தங்கள் சுகாதார நிலையத்துக்கு மதிப்பெண் போடுவார்கள். அங்கே வேலை செய்பவர்களும் தனியாக உட்கார்ந்து தங்களுக்கே மதிப்பெண் போட்டுக்கொள்வார்கள். பிறகு இரு தரப்பும் நேருக்கு நேர் அமர்ந்து பேசி, யார் எதை எப்போது செய்வது என்று எழுதுவார்கள். சில மாதங்கள் கழித்து மீண்டும் முதலிலிருந்து. மலாவியின் ந்சியூ மாவட்டத்தில் இதை ஒப்பீட்டு முறையில் ஆராய்ந்தபோது, கர்ப்பிணிகளின் வீடுகளுக்குச் சுகாதாரப் பணியாளர்கள் செல்வது மற்ற பகுதிகளைவிடச் சுமார் 20 சதவீதம் அதிகமாக இருந்தது. பெங்களூரில் 1994இல் வெளியான குடிமக்கள் மதிப்பீட்டு அறிக்கையோடு பலர் இதைக் குழப்பிக்கொள்கிறார்கள். அது நகரம் முழுக்க எடுத்த கருத்துக்கணிப்பு. ஊடகத்தின் வழியாக அழுத்தம் கொடுத்தது. இங்கே ஊரும் சுகாதார நிலையமும் முகம் பார்த்துப் பேசியாக வேண்டும்.

ஆனால் நம் இடங்களில் அந்தப் பேச்சுக்கு முந்தைய பாதியையே விட்டுவிடுகிறார்கள். ஊழியர்களிடம் கேட்பதே இல்லை. மதிப்பெண்ணை எடுத்துக்கொண்டு நேராக நாளிதழுக்கோ மேலதிகாரிக்கோ போகிறார்கள். மறுநாளிலிருந்து அந்தச் செவிலியருக்கு ஊர்க்காரர்கள் எதிரிகள். அவர் பக்கத்தையும் கேட்டால்தான் தெரியும்: இரண்டு துணை சுகாதார நிலையங்களை ஒருவரே பார்க்கிறார், பகலெல்லாம் கள வேலை, இரவில் தகவல்களைக் கணினியில் ஏற்ற வேண்டும், குடியிருப்பில் தண்ணீர் வருவதில்லை. இதைக் கேட்டதும் ‘ஏன் ராத்திரி தங்குவதில்லை’ என்று கோபப்பட்ட அதே பெண்கள், ஊராட்சித் தலைவரிடம் தண்ணீர் இணைப்புக்காகப் பேசப் போனதை நான் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது, கேள்வியிலேயே இருக்கும் கோளாறு. ‘சேவை நன்றாக இருக்கிறதா?’ என்று கேட்டால் ‘பரவாயில்லை’ என்றுதான் பதில் வரும். தங்களுக்கு என்ன கிடைக்க வேண்டும் என்று தெரியாதவர், கிடைப்பதைக் கொண்டு திருப்திப்பட்டு நல்ல மதிப்பெண் போட்டுவிடுவார். சமவெளியில் சுமார் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், 30,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் என்பது அரசின் அளவுகோல். அரசு மருத்துவமனையில் பிரசவத்துக்குப் பணம் வாங்கக்கூடாது. முத்துலெட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் தொகை தவணை தவணையாக வர வேண்டும். இதையெல்லாம் முதலில் மக்களிடம் படித்துக் காட்டிவிட்டுக் கேள்வியைத் துண்டு துண்டாக்குங்கள்: கடைசியாக நீங்கள் போனபோது மருத்துவர் இருந்தாரா? எழுதிக்கொடுத்த எல்லா மாத்திரையும் கிடைத்ததா? எந்தத் தவணை இன்னும் வரவில்லை? கேள்விகள் பத்தைத் தாண்ட வேண்டாம். நாற்பது கேள்வி கொண்ட அட்டையோடு வருபவர்களைப் பார்த்திருக்கிறேன். பதினைந்தாவது கேள்விக்குள் பாதிப் பேர் அடுப்பைப் பார்க்க எழுந்து போய்விடுவார்கள்.

மாத்திரை பற்றிச் சொன்னதால், அதிகம் பேசப்படாத ஒரு தவற்றையும் சொல்லிவிடுகிறேன். ஒருவர் கையில் இல்லாத விஷயத்துக்கு அவர் தலையில் பழி போடுவது. தமிழ்நாட்டில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு மருந்து வருவது மருத்துவப் பணிகள் கழகத்தின் மாவட்டக் கிடங்கிலிருந்து. ஒவ்வொரு நிலையத்துக்கும் பாஸ்புக் உண்டு. அதில் ஒதுக்கிய மதிப்புக்குள் கேட்டு வாங்க வேண்டும். ஆகவே ‘சர்க்கரை மாத்திரை இல்லை’ என்ற ஒரே குறைக்கு மூன்று காரணங்கள் இருக்கலாம். நிலையத்தில் நேரத்துக்குக் கேட்டு எழுதவில்லை. கேட்டும் கிடங்கில் இருப்பு இல்லை. ஒதுக்கீடே நோயாளிகளின் எண்ணிக்கைக்குப் போதவில்லை. முதலாவதை மருந்தாளுநரிடம் அங்கேயே பேசித் தீர்க்கலாம். மற்ற இரண்டுக்கும் அவரை எத்தனை முறை திட்டினாலும் மாத்திரை வராது. எனவே நேருக்கு நேர் கூட்டத்தில் வட்டார மருத்துவ அலுவலராவது இருக்க வேண்டும். செயல்திட்டத் தாளில் ‘இங்கேயே முடிப்பது’, ‘மேலே அனுப்புவது’ என்று இரண்டு நெடுவரிசை போட்டு, ஒவ்வொரு வரிக்கும் பெயரும் தேதியும் எழுத வேண்டும். ‘ஆவன செய்யப்படும்’ என்று எழுத விடாதீர்கள்.

மதிப்பெண்ணைச் சம்பளத்தோடோ தரவரிசையோடோ கட்டிவைக்கும் ஆசையும் அதிகாரிகளுக்கு வரும். இங்கிலாந்தில் உயிருக்கு ஆபத்தான அழைப்புகளில் 75 சதவீதத்துக்கு எட்டு நிமிடத்தில் ஆம்புலன்ஸ் போய்ச் சேர வேண்டும் என்று இலக்கு வைத்து, அதை ஆம்புலன்ஸ் சேவைகளைத் தரம்பிரிக்கும் நட்சத்திரக் குறியீட்டோடு இணைத்தார்கள். சில இடங்களில் பதிவான நேரங்கள் எட்டு நிமிடத்துக்குச் சற்று முன்னால் மலைபோல் குவிந்தன, தாண்டியதும் சரிந்தன. வண்டி வேகமாகப் போனதால் மட்டுமல்ல, பதிவேட்டில் நேரமும் திருத்தப்பட்டிருந்தது. கணினி வசதியுள்ள நாட்டிலேயே அப்படியென்றால், கையால் எழுதும் பதிவேட்டில் என்ன நடக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

நிதி கேட்கும்போது அளவுக்கு மீறி வாக்குக் கொடுப்பதும் ஆபத்து. உகாண்டாவில் 50 சுகாதார நிலையங்களில் நடந்த ஆய்வு, இத்தகைய மக்கள் கண்காணிப்பால் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளின் இறப்பு 33 சதவீதம் குறைந்ததாக 2009இல் சொன்னது. உலகமே அதை மேற்கோள் காட்டியது. பின்னர் அதே நாட்டில் 376 நிலையங்களில் பெரிய அளவில் செய்து பார்த்தபோது, சிகிச்சையின் தரம் ஓரளவு கூடியது. இறப்பு விகிதத்தில் மாற்றம் தெரியவில்லை. இதைப் படித்துவிட்டுக் கைவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. நோயாளி மரியாதையாக நடத்தப்படுவதும் மாத்திரை கிடைப்பதும் தம்மளவிலேயே வேண்டியவை. அவற்றை வாக்களியுங்கள், உயிர்க்கணக்கை வாக்களிக்காதீர்கள்.

எல்லாவற்றையும் சரியாகச் செய்தவர்களும் சறுக்குவது இரண்டாம் சுற்றில். 2007இல் தேசிய ஊரக சுகாதார இயக்கத்தின் கீழ் ஒன்பது மாநிலங்களில் மக்கள் கண்காணிப்பு தொடங்கியபோது தமிழ்நாடும் அதில் இருந்தது. பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறம் தீட்டிய கிராம அட்டைகளை எழுத்துத் தெரியாதவர்களும் படித்தார்கள். திட்டமும் நிதியும் முடிந்தால் அட்டையும் முடிந்துவிடும் என்ற நிலை வராமலிருக்க, முதல் நாளிலேயே அடுத்த சுற்றின் தேதியைக் கிராம சபைத் தீர்மானமாக எழுதிவிடுங்கள். இரண்டாம் சுற்றில் புதுக் கேள்விக்குப் போகுமுன் பழைய செயல்திட்டத் தாளை உரக்கப் படியுங்கள், செய்யாத வரிகள் உட்பட.

ஆறு மாதம் கழித்து அந்த வேப்பமரத்தடிக்கு நாங்கள் திரும்பிப் போனோம். செவிலியர் குடியிருப்புக்குத் தண்ணீர் வந்திருந்தது. இரவில் அவர் இருப்பாரா என்ற கட்டத்தில் ஒன்றாக இருந்த கொட்டை நான்காகியிருந்தது. மறுநாள் தெருவில் தனியாகக் கேட்டபோது, பிரசவத்தில் மரியாதை என்ற கட்டம் மட்டும் இரண்டிலேயே நின்றது; வார்டில் பணம் கேட்பது நிற்கவில்லை. வட்டார மருத்துவ அலுவலருக்குப் போகும் தாளில் அதை முதல் வரியாக எழுதும்படி அந்தப் பாட்டிதான் சொன்னார். எழுதி முடித்ததும் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டுவிட்டு, கீழே தன் கைநாட்டை வைத்தார்.