எச்சரிக்கை அறிவித்தலுக்குச் சொல் தேர்வு

கடல் பெருகி நிலத்தைக் கொள்வதைச் சொல்லத் தமிழில் மூன்று சொற்கள் உண்டு. கடல்கோள் நூல்களில் வாழ்கிறது. ஆழிப்பேரலை செய்தியிலும் மேடையிலும் கேட்கிறது. ஜப்பானிய மொழியிலிருந்து வந்த சுனாமியையோ 2004 டிசெம்பர் 26க்கு முன் திருகோணமலையில் அறிந்தவர் மிகச் சிலர், இன்று நிலாவெளியிலும் கிண்ணியாவிலும் மூதூரிலும் அதை அறியாதவரைக் காண்பது அரிது. கரையோரத்துக்கு அறிவித்தல் எழுதுபவர், ஒரு சொல் எவ்வளவு பழகியது, அது எந்த உணர்ச்சியைக் கிளப்புகிறது என்னும் இரண்டையும் தனித்தனியே எடைபோட வேண்டும்.

பழக்கத்தை முதலில் பாருங்கள். திரையில் தோன்றும் எழுத்துக்கோவை சொல்லா, வெறும் எழுத்துக்கூட்டமா என்று பொத்தானை அழுத்திக் காட்டும் உளவியல் பரிசோதனைகளில், அடிக்கடி வழங்கும் சொல்லுக்கு விடை முந்தியும் அரிய சொல்லுக்குப் பிந்தியும் வருகிறது. ஆகவே தலைப்பில் சுனாமி என்றே எழுதுங்கள். தமிழ்ப்பற்றைக் காட்ட வேறு இடங்கள் இருக்கின்றன. 'உயர்நிலப் பிரதேசம்' என்பதற்குப் பதிலாக, அந்தக் கிராமத்தாருக்கு ஒதுக்கப்பட்ட பாடசாலையின் பெயரை, அவர்கள் வாயால் சொல்லும் வடிவத்திலேயே எழுதுங்கள்.

உணர்ச்சி இதைவிடச் சிக்கலானது. அச்சம் தரும் சொல் கவனத்தைப் பிடித்து நினைவிலும் நிற்கும். ஆனால் அதை ஒட்டி வரும் சாதாரணச் சொற்கள் அதனாலேயே நழுவிப்போவதும் உண்டு. சுனாமி என்று ஐந்து இடத்தில் எழுதினால், பயம் தங்கி, எந்த வீதியால் போவது என்பது தங்காமற் போகலாம். அதைத் தலைப்பில் ஒருமுறை வைத்து, செய்ய வேண்டியவற்றை அமைதியான சொற்களில் தனி வரிகளாக எழுதுங்கள். இவ்விடயத்தில் அகராதி உதவாது. 'இடம்பெயருங்கள்', 'முகாம்' என்பன அகராதியில் வெறும் சொற்கள். போர்க்காலத்தில் வீடு வாசலை விட்டுப் போனவர்கள் வாழும் இம்மாவட்டத்தில் அவை அப்படியல்ல. 'பாடசாலைக்குச் செல்லுங்கள்' என்பது அதே வேலையைச் செய்துவிடுகிறது.

எந்தச் சொல் எவ்வளவு சுடும் என்று ஓரளவு சோதித்தும் பார்க்கலாம். உளவியலாளர் ஜோன் ரிட்லி ஸ்ட்ரூப் 1935 இல் வெளியிட்ட நிறப்பெயர்ச் சோதனையைத் தழுவிய பின்வந்தோர், பல நிறங்களில் எழுதிய சொற்களைக் காட்டி, சொல்லை விட்டு நிறத்தை மட்டும் கூறச் சொன்னார்கள். அச்சச் சொற்களில், அதிலும் அந்த அச்சத்தை நேரில் பட்டவரிடம், விடை தாமதமாவதைக் கண்டார்கள். நீங்களும் பத்து அச்சச் சொற்களையும் பத்துச் சாதாரணச் சொற்களையும் அட்டைகளில் எழுதி, ஒவ்வொரு கட்டுக்கும் ஆகும் நேரத்தைக் கைப்பேசியில் அளக்கலாம். இரு கட்டுகளும் நீளத்திலும் பழக்கத்திலும் ஒத்திருக்க வேண்டும். இல்லையேல் தாமதம் அச்சத்தால் வந்ததா, அரிய சொல் என்பதால் வந்ததா என்று பிரித்தறிய முடியாது. உற்றாரைக் கடலுக்குக் கொடுத்தவர்களிடம் இந்த விளையாட்டு வேண்டாம்.

எழுதி முடித்த அறிவித்தலை, அதைப் பற்றி ஏதும் அறியாத ஒருவரிடம் பத்துச் செக்கன் காட்டி வாங்கிக்கொண்டு, எங்கே போக வேண்டும் என்று கேளுங்கள். ஆபத்தின் பெயரைச் சொல்லி இடத்தின் பெயரைச் சொல்லாவிட்டால், முதல் வரியிலிருந்து மீண்டும் எழுதுங்கள்.