ஐப்பசி நடையில் மேப்பிள் இலை தேடாதீர்கள்

எங்கள் குழு சின்னது. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சேலத்தைச் சுற்றியுள்ள கரடுகள் என்னும் சின்னப் பாறைக் குன்றுகளிலோ ஏற்காட்டிலோ செடி பார்த்துக்கொண்டே நடப்போம். தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொல்வார், அவ்வளவுதான். ஒரு முறை ஐப்பசி நடைக்கு நண்பர் ஒருவர் அழைப்பிதழ் செய்து அனுப்பினார். ‘இலையுதிர் கால நடை’ என்று தலைப்பு; பின்னால் செக்கச்செவேலென்று மேப்பிள் இலைகள். படம் அழகாகத்தான் இருந்தது. ஆனால் சேலத்தில் ஐப்பசியில் எந்த மரம் இலையை உதிர்க்கிறது?

நம் பக்கத்துக் காடுகள் இலை உதிர்ப்பது மாசி, பங்குனியில். ஐப்பசியும் கார்த்திகையும் பழைய பருவக் கணக்கில் கூதிர் காலம். ஐப்பசி அடைமழை என்று பெரியவர்கள் சொல்வது சும்மா இல்லை. கோடை முழுக்கச் சாம்பல் நிறத்தில் காய்ந்து கிடந்த கரடு பச்சை கட்டி நிற்பது இப்போதுதான். பெயரில் என்ன இருக்கிறது என்று விட்டுவிடலாம். ஆனால் அந்தப் பெயரோடு தவறான எதிர்பார்ப்பும் சேர்ந்து வந்துவிடுகிறது. நடைக்கு வருபவர்கள் செய்யும் தவறுகளில் பாதி அங்கிருந்துதான் தொடங்குகிறது.

இன்னொரு பாதி வீடியோக்களிலிருந்து வருகிறது. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் ஃபீனிக்ஸ் நகரில் ஒரு பாலைவனத் தாவரவியல் பூங்கா இருக்கிறது, 1939-இல் தொடங்கியது. அங்கே அக்டோபர் பிறந்ததும் நிகழ்ச்சிகளும் வழிகாட்டி நடைகளும் களைகட்டும். அதைப் பார்த்துவிட்டு, “நம்ம ஊரிலும் இந்த மாதத்தில்தான் கள்ளி பூக்குமாங்க?” என்று கேட்பவர்கள் உண்டு. அங்கே அக்டோபரில் கூட்டம் வருவதற்குக் காரணம் பூ இல்லை, வெயில் தணிவது. கோடையில் 40 டிகிரிக்கு மேல் மாதக்கணக்கில் காய்கிற ஊர் அது. மனிதன் வெளியே நடக்க முடிகிற பருவம் அப்போதுதான் ஆரம்பிக்கிறது. அங்கே கைதூக்கி நிற்கும் சகுவாரோ கள்ளி பூப்பது ஏப்ரல் கடைசி முதல் ஜூன் வரைக்கும். ஆக, அவர்களே ஐப்பசியில் கள்ளிப்பூ பார்ப்பதில்லை! அவர்கள் வெளியே வருவது வெயில் குறைந்ததால், நாம் வெளியே போவது மழை பெய்ததால். இதை மனதில் வைத்துக்கொண்டால் எதைப் பார்ப்பது என்பது தானாகத் தெரிந்துவிடும்.

ஏற்காடு என்றாலே அண்ணா பூங்காவில் மே மாதம் நடக்கும் மலர்க் கண்காட்சியை நினைத்துக்கொண்டு வருபவர்களும் இருக்கிறார்கள். தொட்டி தொட்டியாக அடுக்கிய பூக்களை அங்கே பார்த்துப் பழகிய கண்ணுக்குக் கரட்டில் எதுவும் தட்டுப்படாது. அரை மணி நேரத்தில் “ஏங்க, ஒண்ணுமே இல்லீங்களே” என்பார்கள். இருக்கிறது, முழங்காலுக்குக் கீழே இருக்கிறது. குனிய வேண்டும்.

சதுரக்கள்ளியையே எடுத்துக்கொள்வோம். வருடம் முழுக்க இலையே இல்லாத செடி என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். மழை பிடித்த பிறகு அதன் விளிம்புகளில், முள்ளுக்குப் பக்கத்தில், விரல் நகம் அளவுக்குத் தடித்த சின்ன இலைகள் வரும். மண் காயத் தொடங்கியதும் உதிர்ந்துவிடும். பக்கத்திலேயே புல்லுக்குள் கள்ளிமுளையான் நிமிர்ந்து நிற்கும். பென்சில் தடிமனில் நாலு பட்டையாக ஒரு தண்டு, அதில் கருஞ்சிவப்பாகச் சின்னச் சின்ன நட்சத்திரப் பூக்கள். அந்தப் பூவைத் தேடி வருவது ஈதான்; வண்ணத்துப்பூச்சி கிடையாது. ஆடு மேய்ப்பவர்கள் பசிக்கு இந்தத் தண்டை ஒடித்து மெல்வது பழைய வழக்கம். இப்போது எடை குறைக்கும் மாத்திரைக்காரர்கள் இதன் பெயரைப் பிரபலமாக்கிவிட்டதால், நடைக்கு வருபவர்களிலேயே சிலர் வேரோடு பிடுங்கிப் பையில் போட்டுக்கொள்ளப் பார்க்கிறார்கள். ஆடு மேய்ப்பவர் ஒரு துண்டு ஒடித்தால் செடி மறுபடி துளிர்க்கும். வேரோடு போனால் எங்கிருந்து துளிர்க்கும்? காப்புக்காடாக இருந்தால் பிடுங்குவது சட்டப்படி குற்றமும்கூட.

அப்புறம் கள்ளி, கேக்டஸ் குழப்பம். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் கைபேசிச் செயலிகளும் இதில் தடுமாறுகின்றன. நம் சதுரக்கள்ளி, திருகுகள்ளி, இலைக்கள்ளி எதுவும் கேக்டஸ் இல்லை. ஆமணக்குக் குடும்பத்தைச் சேர்ந்தவை. கேக்டஸ் குடும்பம் கிட்டத்தட்ட மொத்தமும் அமெரிக்கக் கண்டங்களுக்குச் சொந்தம். தண்ணீர்ப் பஞ்சம் இரண்டு இடத்திலும் ஒன்றுதான் என்பதால், உறவே இல்லாத இரண்டு குடும்பங்கள் ஒரே மாதிரி தடித்து, இலையைக் கைவிட்டு, முள்ளை வளர்த்துக்கொண்டன. பிரித்தறிய எளிய வழி உண்டு. முள் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். சின்னப் பஞ்சுப் பொட்டு மாதிரி ஒரு மெத்தை, அதிலிருந்து கொத்தாக முள் என்றால் கேக்டஸ். அந்த மெத்தை இல்லாமல் முள் இரட்டை இரட்டையாக விளிம்பில் இருந்தால் நம் கள்ளி. ஒடித்துப் பார்த்தால் பால் வரும் என்பதும் அடையாளம்தான். ஆனால் தயவுசெய்து ஒடித்துப் பார்க்காதீர்கள்.

அந்தப் பால் பொல்லாதது. கையில் பட்டால் எரிச்சலோடு போகும். அதே கையால் கண்ணைக் கசக்கினால் சில நாள் பார்வையே மங்கிவிடலாம். பட்டுவிட்டால் உடனே சுத்தமான தண்ணீரால் விடாமல் கால் மணி நேரம் கழுவிவிட்டு, நேராகக் கண் மருத்துவரிடம் போக வேண்டும். தாய்ப்பால், விளக்கெண்ணெய் என்று யாராவது யோசனை சொன்னால் காதில் வாங்காதீர்கள்.

சரி, அப்படியானால் வேலி ஓரத்தில் தட்டைத் தட்டையாக நிற்கும் சப்பாத்திக்கள்ளி? அதுதான் அசல் கேக்டஸ், கடல் கடந்து வந்தது. அதன் கதை வேடிக்கையானது. சிவப்புச் சாயம் தரும் கொச்சினீல் பூச்சியை வளர்த்துப் பணம் பார்க்கலாம் என்று ஆங்கிலேயர்கள் 1795-இல் பிரேசிலிலிருந்து ஒரு பூச்சியைக் கொண்டுவந்தார்கள். வந்தது வேறு பூச்சி. சாயத்துக்கு உதவவில்லை, சப்பாத்திக்கள்ளியைத் தின்று தீர்த்தது. சரி, அதற்காவது ஆகட்டும் என்று 1830-களில் தென்னிந்தியாவுக்கும் அதை அழைத்துவந்து கள்ளியை ஒழிக்கப் பயன்படுத்தினார்கள். அந்தப் பூச்சி தொடாத இன்னொரு வகைக் கள்ளிக்காக 1926-இல் இலங்கையிலிருந்து அதன் உறவுக்காரப் பூச்சி வந்தது. இன்றைக்கும் சப்பாத்திக்கள்ளி மட்டையில் வெள்ளைப் பஞ்சு ஒட்டியிருந்தால், ஒரு குச்சியால் நசுக்கிப் பாருங்கள், குங்குமம் போல ஒழுகும். விரலால் வேண்டாம். பெரிய முள்ளைவிட, கண்ணுக்குத் தெரியாத மயிர்முள்தான் ஆபத்து. தேய்த்தால் இன்னும் உள்ளே போகும். ஒட்டும் டேப்பை அழுத்தி உரித்தால் பெரும்பாலும் வந்துவிடும்.

இந்தப் பருவத்தின் ராணி செங்காந்தள். வேலியில் ஏறி நெருப்புப் பற்றின மாதிரி நிற்கும். தமிழ்நாட்டின் மாநில மலர். கார்த்திகைப்பூ என்ற பெயரே இது பூக்கும் காலத்தைச் சொல்லிவிடுகிறது. எல்லோரும் செல்ஃபி எடுப்பார்கள், அது பரவாயில்லை. பூவைப் பறித்துக் குழந்தை கையில் கொடுப்பதுதான் கூடாது. வேர்க்கிழங்கு முதல் விதை வரை எல்லாவற்றிலும் கால்சிசின் என்ற விஷம் இருக்கிறது. கண்வலிக்கிழங்கு என்று விதைக்காக இதைப் பயிரிடும் விவசாயிகளே கவனமாகத்தான் கையாளுகிறார்கள்.

பிரண்டையைப் பறிப்பதை மட்டும் நான் கண்டும் காணாமல் விட்டுவிடுவேன். மழைக்குப் பின் வரும் இளந்தண்டுத் துவையலுக்கு ஈடு இல்லை. நுனியை மட்டும் கிள்ளுங்கள், நாக்கு அரிக்காமல் நன்றாக வதக்குங்கள்.

அடுத்த தவறு, கரட்டையும் மலையையும் ஒரே நாளில் முடித்துவிடலாம் என்று கிளம்புவது. சேலம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர்; ஏற்காடு சுமார் 1500. அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளில் இரண்டு மூன்று வகைக் காடுகளைத் தாண்டிவிடுகிறோம். கீழே முட்புதர், நடுவே மூங்கிலும் இலையுதிர் மரங்களும், மேலே காபியும் சில்வர் ஓக்கும். வளைவுக்கு வளைவு பார்க்க விஷயம் இருக்கிறது. ஆனால் காலை டிபனை வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு வருபவர்கள் பத்தாவது வளைவுக்குமேல் எதையும் பார்ப்பதில்லை. மேலே நிற்கும் சில்வர் ஓக்கை மலையின் பூர்வீக மரம் என்று சொல்லிவிடாதீர்கள், அது ஆஸ்திரேலியா. காபியும் 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காலத்தில் வந்ததுதான். பழம் சிவக்கத் தொடங்கும் நேரம் இது. எஸ்டேட் என்பது ஒருவருடைய தோட்டம், புகுந்து பறிக்கிற இடம் இல்லை.

ஏற்காட்டில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் ஆர்க்கிட் தோட்டம் 1963 முதல் இருக்கிறது. பூங்கா என்று நினைத்துப் பந்தும் பாயும் எடுத்துக்கொண்டு வருபவர்களைப் பார்த்திருக்கிறேன். அது ஆராய்ச்சிக்காகச் செடி வளர்க்கும் இடம். அரசு விடுமுறை நாளில் கதவு திறந்திருக்குமா என்று முன்பே விசாரித்துவிடுங்கள். எல்லா ஆர்க்கிடும் ஒரே நேரத்தில் பூக்காது. இருபது தொட்டியில் இரண்டு பூத்திருந்தால் அன்று நல்ல நாள். ஆர்க்கிடைப் பார்த்ததும் ‘புல்லுருவி’ என்று சொல்வது எல்லோருக்கும் வருகிற தவறு, எனக்கும் வந்திருக்கிறது. புல்லுருவி மரத்துக்குள் வேர்விட்டு உறிஞ்சும். ஆர்க்கிட் மரத்தில் குடியிருக்கிறது, அவ்வளவே. அதன் தடித்த வெள்ளை வேரின் மேலே பஞ்சு போன்ற உறை இருக்கிறது. மழையையும் பனியையும் அதுதான் உறிஞ்சி வைத்துக்கொள்கிறது. காய்ந்திருக்கும்போது வெள்ளை, நனைந்தால் பச்சை. ஐப்பசியில் போனால் பச்சையாகத்தான் பார்ப்பீர்கள்.

அங்கே குடுவைத் தாவரமும் உண்டு, மேகாலயாவைச் சொந்த ஊராகக் கொண்டது. பூச்சி உள்ளே போனதும் மூடி டப்பென்று மூடும் என்று கேமராவோடு காத்திருப்பவர்களுக்கு ஒரு செய்தி: அந்த மூடி மூடவே மூடாது. ஈரமான விளிம்பில் பூச்சி வழுக்கி விழுகிறது, உள்ளே இருக்கும் நீரில் செரிக்கிறது. மூடி, அளவுக்கு மீறி மழை உள்ளே போகாமல் பார்த்துக்கொள்ளும் குடை. விரலை விட்டுப் பார்ப்பது, சாய்த்துக் கொட்டிப் பார்ப்பது எல்லாம் அதன் இரைப்பையைக் காலி செய்கிற வேலை.

பெயர் விஷயத்தில் ஒன்று. மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினரைக் கேரளத்துக்காரர்கள் என்று எண்ணிக்கொண்டு பேசுபவர்கள் இருக்கிறார்கள். மலையில் வாழ்பவர் என்ற பொருளில் வந்த பெயர். அவர்கள் பேசுவது தமிழ், முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்ததாக அவர்களே கதை சொல்வார்கள். அவர்களில் வயதானவர் ஒருவர் ஒரு செடிக்குப் பெயர் சொல்லும்போது, கைபேசியை நீட்டி “இதில் வேற போட்டிருக்குங்களே ஐயா” என்பதைவிடப் பெரிய தவறு நடையில் கிடையாது. இரண்டையும் எழுதிக்கொள்ளுங்கள். வீட்டுக்குப் போய்ச் சரிபார்த்தால், பெரும்பாலும் செயலிதான் பொய் சொல்லியிருக்கும்.

மற்றவை சின்னச் சின்ன விஷயங்கள். செருப்பு வேண்டாம், ஷூ போடுங்கள். கருவேல முள் ரப்பரைத் துளைத்துவிடும். முட்புதரில் குடை விரிக்க முடியாது, மழைக்கோட்டு நல்லது. ஐந்தரைக்குள் கீழே இறங்கப் பாருங்கள், பனிமூட்டம் வந்தால் வளைவே தெரியாது. காட்டெருமை நின்றால் படம் எடுக்க நெருங்காமல் வந்த வழியே திரும்புங்கள். அரிய ஆர்க்கிட் கண்ணில் பட்டால் படத்தைப் போடலாம், இடத்தைப் போடாதீர்கள். மழை எச்சரிக்கை வந்தால் நடையை ஒத்திவைத்ததற்கு ஒருங்கிணைப்பாளரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழைக்கு மலைச்சாலையில் மண் சரிந்ததை இங்கே யாரும் மறக்கவில்லை.

திரும்பும் வழியில் நர்சரிக் கடைகளில் சிவப்பு, மஞ்சள் உருண்டையாக ஒரு கேக்டஸ் விற்பார்கள். மூன் கேக்டஸ் என்பார்கள். அது ஒரு செடி இல்லை, இரண்டு. மேலே இருக்கும் வண்ண உருண்டைக்குப் பச்சையமே கிடையாது. தனியாக விட்டால் சாப்பாடு இல்லாமல் செத்துப்போகும். கீழே இருக்கும் பச்சைத் தண்டு டிராகன் பழக் கொடியின் இனம், அதன் மேல் இதை ஒட்டுக்கட்டியிருக்கிறார்கள். வாங்குங்கள், ஆனால் அடைமழையில் மொட்டைமாடியில் வைக்காதீர்கள். மண் முழுக்கக் காய்ந்த பிறகுதான் அடுத்த தண்ணீர். வாசலில் தலைகீழாகக் கட்டித் தொங்கவிடும் கற்றாழை மண்ணும் தண்ணீரும் இல்லாமல் மாதக்கணக்கில் பச்சையாக இருப்பதைப் பார்த்திருக்கிறீர்கள்தானே? அது இரவில் மட்டும் இலைத்துளையைத் திறந்து மூச்சு வாங்குகிறது, பகல் வெயிலில் நீரை விடுவதில்லை. கேக்டஸும் அதே சிக்கனக்காரர்தான். எங்கள் வீட்டில் இதுவரை மூன்று கேக்டஸ் போயிருக்கின்றன. மூன்றும் போனது அம்மா பாசத்தில் ஊற்றிய தண்ணீரால்.